நாள் பிசகாத வரலாறு

காரைநகரில் ஒருவர் சிவபதம் அடைந்தால், 31ஆம் நாள் அந்தியேட்டி முடிந்து எழும்பும் வேளையில் கையிலே ஒரு சிறு புத்தகம் தருவார்கள். கல்வெட்டு என்று ஊரிலே சொல்லும் நினைவு மலர் அது. அட்டையில் அவருடைய படம், உள்ளே திதி வெண்பா, தேவார திருவாசகம், வாழ்க்கை வரலாறு, மனைவி மக்களின் புலம்பல், கடைசியில் பேரப்பிள்ளைகள் வரை இறங்கி வரும் வம்சாவளி. பலர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவாமி அறையில் வைத்துவிடுவார்கள். எனக்கோ அதை எழுத்தெண்ணி வாசித்தால்தான் மனம் ஆறும். வாழ்க்கை வரலாறு என்ற எழுத்து வகையில் எனக்கு ருசி பிடித்ததே இந்த மலர்களால்தான்.

திதி வெண்பாவை ஒருமுறை உற்றுப் பாருங்கள். நாலே அடி, பதினைந்தே சீர். அதற்குள் அறுபது வருடங்களில் எந்த வருடம், எந்த மாதம், பூர்வபக்கமா அபரபக்கமா, எந்தத் திதி, இறந்தவர் பெயர் என்ன, எந்த ஊர் என்பதெல்லாம் அடங்க வேண்டும். தளை தட்டக்கூடாது. எதுகை நிற்கவேண்டும். பாடுகிறவர் பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பாடுவார். ஏனென்றால் அடுத்த வருடம் திவசம் அந்த வரியைப் பார்த்துத்தான் நடக்கும். திதி பிசகினால் பிள்ளை வேறொரு நாளில் பிண்டம் போடுவான். ஆகவே அங்கே கற்பனைக்கு இடமில்லை, ஆனால் கவிதைக்கு இடமுண்டு. நாள் பிசகாமல் இருப்பதே அந்தக் கவிதையின் அழகு.

அதே மலரில் நாலைந்து பக்கம் தள்ளி வாழ்க்கை வரலாற்றுக்கு வந்தால் நிலைமை மாறிவிடுகிறது. இளவயதில் கொழும்புக்குப் போனார், விடாமுயற்சியால் வர்த்தகத்தில் உயர்ந்தார், ஊருக்கும் கோயிலுக்கும் உதவினார். எந்த வருடம் போனார், யாருடைய கடையில் முதலில் நின்றார், எவ்வளவு முதலோடு தனிக்கடை வைத்தார், கூட்டு எப்போது பிரிந்தது என்பவை பெரும்பாலும் இருக்காது. காரைநகர் வர்த்தகர்கள் பேரேட்டில் சதக்கணக்குக்கூடத் தவறவிடாதவர்கள். தெற்கே பட்டினம் பட்டினமாகக் கடை நடத்தி, ஐந்தொகையை அச்சொட்டாக முடித்தவர்கள். அவர்களுடைய வாழ்க்கையை எழுதும்போது மட்டும் அந்தக் கணக்கு எங்கேயோ தொலைந்து போகிறது. சாவின் நாளுக்குக் கொடுக்கும் கவனத்தை வாழ்ந்த நாள் முழுவதற்கும் கொடுத்தால் கிடைப்பதுதான் நல்ல வாழ்க்கை வரலாறு. என் ரசனையின் அளவுகோல் இதுதான்.

இந்த அளவுகோலுக்குக் கடும் சோதனை வைப்பவை சினிமா முதலாளிமாரின் வரலாறுகள். அரிசி வியாபாரியோ சுருட்டு வியாபாரியோ விற்றது ஒரு பொருளை. படமுதலாளி விற்றது கதையை. தன் படத்துக்கு விளம்பரம் எழுதுவித்த அதே கையால் தன் வாழ்க்கைக்கும் விளம்பரம் எழுதுவிப்பார். அவருடைய முதல் தயாரிப்பு அநேகமாக அவருடைய சொந்த வரலாறாகவே இருக்கும். பிறகு பங்காளிகள் பிரிவார்கள், ஒவ்வொருவரும் ‘முதல்’ என்ற பட்டத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்வார்கள். நைத்திரேற்றுப் படச்சுருள் தீப்பிடித்தோ உக்கியோ போய்விடும். படமே இல்லாத இடத்தில் சொன்னவர் சொன்னதுதான் மிஞ்சும்.

ஹொலிவூட்டில் இதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. எம்.ஜி.எம். கம்பனியைக் கட்டியாண்ட லூயிஸ் பி. மேயர் ரஷ்யப் பேரரசிலே பிறந்த யூதப் பிள்ளை. அமெரிக்காவின் சுதந்திர தினமான ஜூலை 4ஐத் தன் பிறந்தநாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். கம்பனியிலும் அந்த நாளையே கொண்டாடினார்கள். சாமுவேல் கோல்ட்வின் வார்சாவில் கெல்ப்ஃபிஷ் என்ற குடும்பப் பெயரோடு பிறந்து, இங்கிலாந்துக்கு வந்து கோல்ட்ஃபிஷ் ஆகி, பிறகு செல்வின் சகோதரர்களோடு சேர்ந்து தொடங்கிய கம்பனியின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டவர். வயதிலும் சில ஆண்டுகளைக் குறைத்துச் சொன்னார். யூனிவேர்சலை நிறுவிய கார்ல் லெம்லியின் வரலாற்றை ஜோன் டிரிங்வோட்டர் என்ற ஆங்கிலக் கவிஞர் 1931இல் எழுதினார். அது முதலாளி எழுதுவித்த வரலாறு. புகழுரைக்குக் குறைவில்லை. வில்லியம் ஃபொக்ஸ் தன் கம்பனியைப் பறிகொடுத்த கதையை அப்டன் சிங்கிளேயருக்குச் சொல்லி எழுதுவித்த நூல் 1933இல் வந்தது. அது ஒரு பக்கத்து வழக்குத்தான். ஆனாலும் கடன், பங்கு, வங்கி என்று தொகையோடு பேசுவதால் இன்றும் அதை எடுத்துப் பார்க்கலாம்.

மேயரைப் பற்றி பொஸ்லி கிரௌதர் 1960இலும் ஸ்கொட் ஐமன் 2005இலும் எழுதினார்கள். கோல்ட்வினைப் பற்றி ஏ. ஸ்கொட் பேர்க் 1989இல் எழுதினார். கோல்ட்வின் குடும்பம் தம்மிடமிருந்த ஆவணங்களைப் பேர்க்குக்குத் திறந்துவிட்டது. பிறந்த ஆண்டு 1879 ஆகத்தான் இருக்க வேண்டும் என்ற இடத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். இந்த வரிசையை ரசித்து வாசிக்கிறவனுக்கு ஒன்று விளங்கும். நல்ல வரலாற்றாசிரியன் பொய்யான பிறந்தநாளைக் கண்டுபிடித்ததும் அதைத் தூக்கி எறிந்துவிடுவதில்லை. மெய்யான நாளையும் எழுதுகிறான், அவர் சொல்லித் திரிந்த நாளையும் எழுதுகிறான். ஜூலை 4 என்று ஒருவர் தேர்ந்தெடுத்ததற்குள்ளே அவருடைய ஆசை, பயம், நன்றி எல்லாம் இருக்கின்றன. பத்துப் பக்கம் குணநலன் எழுதினாலும் அந்த ஒரு தேதி சொல்லும் அளவுக்குச் சொல்லாது. பொய்யின் ருசி தெரியவேண்டுமானால் மெய்யான நாள் கையில் இருந்தாக வேண்டும்.

நம் பக்கத்துக்கு வந்தால், தென்னிந்தியாவின் முதற் கதைப்படம் என்று சொல்லப்படும் ‘கீசகவத’த்தை எடுத்த நடராஜ முதலியாரின் கதையில் படம் வெளிவந்த ஆண்டு புத்தகத்துக்குப் புத்தகம் 1916, 1917, 1918 என்று மாறுகிறது. படச்சுருள் இல்லை. தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் அரசாங்கக் கோப்பையும் பழைய பத்திரிகையையும் தேடிப்போய், பேச்சு வழக்கில் உலவிய தமிழ்ச் சினிமா வரலாற்றைச் சான்றுள்ள வரலாறாக்கினார்கள். 1981இல் வந்த அவருடைய ஆங்கில நூல் அந்த வகையில் ஒரு திருப்பம். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் படங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்ததும் இதே பணிதான். அவர் சேர்த்தது இல்லாவிட்டால் பிறகு எழுதியவர்களில் பாதிப்பேருக்குக் கையில் ஒன்றும் இருந்திராது.

மலையாளத்தின் முதற் படமான ‘விகதகுமாரன்’ எடுத்த ஜே.சி. டேனியல் அகஸ்தீசுவரத்தில் பிறந்தவர். அவர் எடுத்த படத்தின் கதையே இலங்கைக்குக் கடத்தப்பட்ட ஒரு பிள்ளையைப் பற்றியது என்பதால் எங்களுக்கும் அவர் ஒருவகையில் சொந்தம். அவருடைய பெயரை மறதியிலிருந்து மீட்டவர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர். திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டரில் 1928 நவம்பர் 7இல் படம் காட்டப்பட்டது என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். பிறகு ஆய்வாளர்கள் அக்கால அச்சுச் சான்றுகளைத் தேடிப் பார்த்து 1930 ஒக்டோபர் 23 என்ற நாளை முன்வைத்தார்கள். இரண்டு வருட வித்தியாசம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1931இல் பேசும்படம் வந்துவிட்டது. 1928 என்றால் டேனியல் நிலத்தை விற்று எடுத்த மௌனப் படத்துக்கு முன்னே மூன்று வருடத் தெளிவான பாதை. 1930 என்றால், மௌனப் படத்தின் காலமே முடியப்போகும் வாசலில் வந்து நின்ற மனிதர் அவர். ஒரு தேதி மாறினால் ஒருவருடைய துயரத்தின் வடிவமே மாறிவிடுகிறது.

இனி இலங்கை. இங்கே ஆரம்பகாலப் படத்தொழிலைக் கட்டியவர்களில் தமிழர்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள். 1928இல் தொடங்கிய சிலோன் தியேட்டர்ஸின் சிற்றம்பலம் ஏ. கார்டினர், சினிமாஸ் லிமிட்டெட் கே. குணரட்ணம், மதுரையிலிருந்து வந்த எஸ்.எம். நாயகம். முதற் சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947 ஜனவரி 21இல் திரைக்கு வந்தது. தயாரித்தவர் நாயகம், படமாக்கியது தென்னிந்தியாவில். சிங்களத் திரைப்படத்தின் பிறந்தநாளைச் சொல்லும்போது தமிழ்த் தயாரிப்பாளரின் பெயரை மெல்லிய எழுத்தில் போடும் வரலாறுகளும் உண்டு. அவரையே எல்லாமாக்கி, ஜயமான்ன சகோதரர்களின் மினர்வா நாடகக் குழுவை மறந்துவிடும் தமிழ் வரலாறுகளும் உண்டு. இரண்டுமே நாள் பிசகிய எழுத்துத்தான். மேடையில் ஓடிய நாடகத்தை நாயகம் படமாக்கினார். அந்த மேடை இல்லாமல் படம் இல்லை, அந்த முதல் இல்லாமலும் படம் இல்லை.

இதிலே நுட்பமான ஒரு பொறி இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நம் மூத்தவர்கள் காலத்தைத் தமிழ் வருடத்தால் நினைவில் வைத்திருப்பார்கள். 1947 ஜனவரி 21 என்பது விய வருடம் தை மாதம். விய வருடம் 1946 சித்திரையில் பிறந்தது. ஆகவே ஒருவர் ‘விய வருடம் அந்தப் படம் வந்தது’ என்று சொன்னால், பஞ்சாங்கம் பார்த்து மாற்றுகிற எழுத்தாளர் 1946 என்று எழுதிவிட இடமுண்டு. தைமுதல் பங்குனி முடியும்வரை நடந்த எந்தச் சம்பவத்துக்கும் இந்த ஆபத்து இருக்கிறது. யாழ்ப்பாணத்து வாழ்க்கை வரலாறுகளில் ஒரு வருடம் முன்னே போய்க் கிடக்கும் தேதிகளைக் கண்டால் நான் முதலில் மாதத்தைத்தான் பார்ப்பேன். தை, மாசி, பங்குனி என்றால் பிழையின் வேர் பிடிபட்டுவிடும்.

இன்னொரு வகைப் பிழை பட்டத்தால் வருவது. 1928இல் ‘சேர்’ சிற்றம்பலம் கார்டினர் கம்பனி தொடங்கினார் என்று எழுதினால் அந்த வசனத்தில் ஒரு முழு வாழ்க்கை விழுங்கப்பட்டுவிடுகிறது. பட்டம் பல வருடங்களுக்குப் பிறகு வந்தது. கம்பனி தொடங்கிய மனிதருக்குப் பட்டமும் இல்லை, கொழும்பிலே தன் பெயரில் தெருவும் இல்லை. அவர் எதை வைத்து எதைத் துணிந்தார் என்பதுதான் கதை. ஊர்ப்பெயரிலும் இதே சங்கதி உண்டு. எங்கள் தீவு 1920கள்வரை காரைதீவு என்றே வழங்கியது. மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவோடு குழம்பக்கூடாது என்று பிறகுதான் காரைநகர் ஆயிற்று. அதற்கு முற்பட்டது என்று காட்டும் ஒரு கடிதத்தில் காரைநகர் என்று இருந்தால், அது பிற்காலத்தில் எழுதப்பட்டதா என்று ஒரு தடவை யோசிக்கத்தான் வேண்டும்.

குணரட்ணத்தின் வாழ்க்கை இன்னும் முழுமையாக எழுதப்பட வேண்டியது. 1953இல் ‘சுஜாதா’, 1960இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் நெறிப்படுத்திய ‘சந்தேசய’ ஆகியவை அவர் தயாரித்தவை. ஹெந்தளையில் அவருக்கிருந்த விஜயா ஸ்ரூடியோ 1983 ஜூலை வன்செயலில் எரிந்தது. அதோடு படச்சுருள்களும் போயின. 1989இல் அவரே சுட்டுக் கொல்லப்பட்டார். இப்படியொரு வாழ்க்கையை எழுதுகிறவனுக்கு உணர்ச்சி வார்த்தைகள் தேவையில்லை. வருடத்தையும் இடத்தையும் சரியாக வைத்தால் போதும், வாசிக்கிறவருக்கு நெஞ்சு அடைத்துவிடும். அடைமொழிகளைக் குவிக்கிற எழுத்தாளர் தன் கையில் சான்று குறைவென்று காட்டிக்கொடுக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இந்த வேலையை எங்கள் தீவுப்பகுதியிலிருந்தே ஒருவர் செய்தார் என்பது எனக்குப் பெருமை. புங்குடுதீவைச் சேர்ந்த தம்பிஐயா தேவதாஸ் எழுதிய ‘இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை’, ‘இலங்கைத் திரையுலக முன்னோடிகள்’ ஆகிய நூல்களை இந்தத் துறையில் அடித்தளம் என்று சொல்லலாம். அவர் ஒவ்வொரு படமாக எடுத்துக்கொண்டு போகிறார். தயாரித்தவர் யார், நெறிப்படுத்தியவர் யார், நடித்தவர்கள், இசை, பாட்டெழுதியவர், கதை என்ன என்று வரிசையாகச் சொல்கிறார். நடையிலே ஆடம்பரம் இல்லை. வானொலியிலும் பத்திரிகையிலும் பழகிய எளிமை. சிங்களமும் அறிந்தவர் ஆதலால் இரண்டு பக்கத்துச் செய்திகளையும் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்க முடிந்தது. பிறகு வந்து எழுதியவர்கள் எல்லாருமே அவருடைய பக்கங்களில் கால்வைத்துத்தான் நடக்கிறார்கள்.

அப்படி நடந்து வரும்போது காரைநகர்க்காரனுக்கு நின்று பார்க்க ஓரிடம் உண்டு. 1972இல் வெளிவந்த ‘குத்துவிளக்கு’. தயாரித்தவர் எங்கள் ஊரைச் சேர்ந்த வி.எஸ். துரைராஜா. தொழிலால் கட்டடக் கலைஞர். வி.எஸ்.ரி. பிலிம்ஸ் என்ற பெயரில் படத்தை எடுத்தார். நெறியாள்கை டபிள்யூ.எஸ். மகேந்திரன். ஜெயகாந்தும் லீலா நாராயணனும் முக்கிய பாகங்களில் நடித்தார்கள். பாட்டு ஈழத்து இரத்தினம், இசை ஆர். முத்துசாமி. தென்னிந்தியப் படங்களின் பேச்சையும் சாயலையும் பார்த்தெழுதாமல், யாழ்ப்பாணத்து மண்ணையும் வாழ்க்கையையும் பேச்சையும் திரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று நினைத்து எடுத்த படம். அந்த ஆண்டுதான் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தொடங்கியது. மே 22இல் நாடு குடியரசாகியது. படத்தொழிலின் சட்டதிட்டங்கள் எல்லாம் மாறிக்கொண்டிருந்த ஒரு வருடத்தில் கட்டடக் கலைஞர் ஒருவர் தன் பணத்தைப் போட்டு ஒரு தமிழ்ப்படம் எடுக்கிறார். அவருடைய வாழ்க்கையை எழுதுகிறவன் இந்த மூன்று சங்கதியையும் ஒரே பக்கத்தில் வைத்தால், அவருடைய துணிவுக்கு வேறு சாட்சி தேவைப்படாது.

‘குத்துவிளக்கை’ப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் ஆர்வத்தில் ‘யாழ்ப்பாணத்தின் முதற்படம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் 1966இல் ஹம்லெற் கதையைத் தழுவிக் ‘கடமையின் எல்லை’ எடுத்த எம். வேதநாயகம் எங்கே போவார்? ‘இலங்கையின் முதற் தமிழ்ப்படம்’ என்ற பட்டத்துக்கும் இதே பாடு. 1962இல் வந்த ‘சமுதாயம்’ 16 மி.மீ. படம். 1963இல் வந்த ‘தோட்டக்காரி’ 35 மி.மீ. படம். 16 என்றும் 35 என்றும் ஒரு சொல் சேர்த்தால் இரண்டு படத்துக்கும் உரிய இடம் கிடைத்துவிடும். ஒருவருக்கு நியாயம் செய்யப்போய் இன்னொருவரின் பெயரை அழிப்பது வரலாற்றில் அன்றாடம் நடக்கிறது. ‘முதல்’ என்ற சொல்லுக்கு முன்னால் எந்த வகையில் முதல் என்று சொல்லத் தெரிந்தவனே இந்தக் கலையில் தேர்ந்தவன். ‘குத்துவிளக்கு’க்கு அந்தப் பட்டம் தேவையுமில்லை. யாழ்ப்பாணத்தைச் சொந்தக் கண்ணால் பார்க்க முயன்ற படம் என்ற இடம் அதற்குப் போதும்.

தீவுப்பகுதிக்கும் திரைக்கும் உள்ள தொடர்பு இதோடு நிற்கவில்லை. 1977இல் தர்மசேன பத்திராஜ நெறிப்படுத்திய ‘பொன்மணி’யை எழுதியவர் காவலூர் இராசதுரை. 1978இல் வந்த ‘வாடைக்காற்று’ செங்கை ஆழியானின் நாவல். நெடுந்தீவுக் கடற்கரையில் நடக்கும் கதையை மன்னார்ப் பேசாலையில் படமாக்கினார்கள். இடம் மாறியதை மறைக்காமல் எழுதுகிற வரலாற்றையே நான் நம்புவேன்.

துரைராஜாவிடம் திரும்புகிறேன். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் உறைக்கிற சங்கதி வேறொன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அதே நாட்களில் ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகத்தையும் எரித்தார்கள். ஒரு யாழ்ப்பாணத்துப் படம் எந்தக் கிழமை எந்தத் தியேட்டரில் ஓடியது என்று பார்க்க வேண்டுமானால் முதலில் போக வேண்டிய இரண்டு இடங்களும் அவைதான். அந்த நூலகத்தை மீளக் கட்டும் பணியில் ஈடுபட்ட கட்டடக் கலைஞர் இதே துரைராஜா. சாம்பலிலிருந்து நூலகம் எழுந்த கதையை ஆங்கிலத்தில் ஒரு நூலாகவும் எழுதி வைத்தார். கட்டடக் கலைஞருக்கு ஒவ்வொரு வரைபடத்திலும் நாள் போட்டுக் கையெழுத்து வைப்பது தொழிற்பழக்கம். நூலகத்தைப் பற்றி அவருடைய கையாலேயே எழுதப்பட்ட சாட்சியம் நமக்கு இருக்கிறது. அவருடைய படத்தைப் பற்றிய சாட்சியத்தைத்தான் துண்டு துண்டாகப் பொறுக்க வேண்டியிருக்கிறது.

பொறுக்குவது எப்படி என்பதிலும் ஒரு கலை உண்டு. பாட்டுப் புத்தகம் கிடைத்தால் அது பெரிய செல்வம். நடிகர் பட்டியல், பாடலாசிரியர், கதைச்சுருக்கம் எல்லாம் அதில் இருக்கும். கதைச்சுருக்கத்தின் கடைசி வரி மட்டும் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்ற தோரணையில் நின்றுவிடும். ஆகவே முடிவு என்ன என்பதற்கு அதைச் சாட்சி வைக்க முடியாது. வெளிவந்த நாளும் அதில் இராது. நாளுக்குப் பத்திரிகை விளம்பரம் வேண்டும். விளம்பரத்தில் ‘நாளை முதல்’ என்று போட்டிருந்தால் பத்திரிகையின் நாளை எழுதக்கூடாது, அடுத்த நாளை எழுத வேண்டும். ‘25ஆவது நாள்’ என்ற விளம்பரம் கிடைத்தால் பின்னோக்கி எண்ணிக்கொண்டு போகலாம், தியேட்டர் மாறினாலும் எண்ணிக்கையைத் தொடர்ந்து போடும் வழக்கம் இருந்ததையும் மனதில் வைத்துக்கொண்டு. தணிக்கைச் சான்றிதழின் நாள் படம் முடிந்த நாளுக்குச் சாட்சி, திரைக்கு வந்த நாளுக்கு அல்ல. இரண்டுக்கும் இடையில் ஒரு வருடம்கூடக் கிடக்கலாம். அந்த இடைவெளியில்தான் பெரும்பாலும் தயாரிப்பாளரின் கடன் கதை இருக்கும்.

மனிதருடைய பிறந்தநாளுக்கும் இதே கவனம் வேண்டும். பள்ளிக்கூட இடாப்பில் உள்ள நாள், சேர்த்த வயதுக்கு ஏற்றபடி பெற்றோர் சொன்னதாக இருக்கலாம். பிறப்புப் பத்திரம் பதிவு செய்த நாளோடு குழம்பக்கூடும். எனக்குச் சாதகக் குறிப்பில் நம்பிக்கை அதிகம். பலனைச் சொல்லவில்லை, நாழிகை விநாழிகை வரை குறித்த அந்தப் பிறந்த நேரத்தைச் சொல்கிறேன். கலியாணப் பொருத்தத்துக்காகக் குடும்பமே கவனமாகக் காத்து வைக்கிற ஆவணம் அது. கம்பனிக் கூட்டு எப்போது உண்டானது, காணி எப்போது ஈடு வைக்கப்பட்டது என்பதற்கு நொத்தாரிசு எழுதிய உறுதியைப் போன்ற சாட்சி வேறில்லை. படமெடுத்து நொடித்தவர் என்று ஊர் சொல்லும் ஒருவருடைய உறுதிகளைப் பார்த்தால், காணி படத்துக்கு முன்னே போயிருக்கவும் கூடும். அப்படிப் பார்த்து எழுதுகிற ஒரு வசனத்துக்கு ஊர்வாய் சொன்ன நூறு கதையும் ஈடாகாது.

வாய்மொழியை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படப்பிடிப்புக்கு மாட்டுவண்டில் கொண்டுபோனவர், தியேட்டர் வாசலில் ரிக்கற் கிழித்தவர், கூட்டத்துக்குள் நடித்தவர் என்று அவர்களுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. கெவின் பிரவுன்லோ என்ற ஆங்கிலேயர் மௌனப்படக் காலத்து ஹொலிவூட் மனிதர்களை அவர்களின் முதுமையில் தேடிப்போய்க் கேட்டு 1968இல் ஒரு நூல் எழுதினார். சொன்னவர்களின் சொல்லை அவர்களின் சொல்லாகவே அதில் வைத்தார். நம் மூத்தவர்கள் நிறத்தையும் சத்தத்தையும் மணத்தையும் பிசகாமல் சொல்வார்கள், வருடத்தைத்தான் பிசகுவார்கள். அவர்களிடம் வருடத்தைக் கேட்காதீர்கள். அப்போது மூத்த பிள்ளை பிறந்துவிட்டதா, ஈழத்துச் சிதம்பரத்துத் திருவாதிரைக்கு முன்னா பின்னா, மழை பெய்து பொன்னாலைப் பாலத்தடியில் தண்ணீர் ஏறியிருந்ததா என்று கேளுங்கள். நாள் தானாக வந்து நிற்கும்.

இதை வாசிக்கும் காரைநகர் மக்களிடம், ஊரில் இருப்பவர்களிடமும் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருப்பவர்களிடமும், ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெட்டகத்தில் ‘குத்துவிளக்கு’ப் பாட்டுப் புத்தகமோ, நோட்டீசோ, படப்பிடிப்பில் எடுத்த படமோ, தியேட்டர் விளம்பரம் உள்ள பத்திரிகைத் துண்டோ, செலவுக் கணக்கு எழுதிய கொப்பியோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். படத்தின் பின்பக்கத்தில் யார், எங்கே, எப்போது என்று பென்சிலால் எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். நூலகம் நிறுவனம் இப்படிப்பட்ட தாள்களை வருடி இணையத்தில் எல்லாருக்கும் பொதுவாக வைக்கிறது. மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம், பிரதியைக் கொடுத்தால் போதும். அடுத்த முறை வீட்டில் கல்வெட்டு அச்சடிக்கும்போது, திதி வெண்பாவுக்குப் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல வாழ்க்கை வரலாற்றுக்கும் பழைய பேரேட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கொழும்புக்கு எந்த வருடம் போனார் என்ற ஒரு வரியையாவது சரியாகச் சேருங்கள்.